மாப்பிள்ளை சொன்ன மூன்று ‘பட் இஃப்’

ஏறாவூர்
நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை

கட்டார் நாட்டில் வெயிலைத் தின்று வாழும், என் அன்புக்கும் கேலிக்கும் உரிய மச்சான் உசனார் அவர்களுக்கு, மீராசாஹிப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் உங்கள் வீட்டில் ஆட்கள் எல்லோரும் சுகம். என் தங்கச்சி ஆயிஷா சுகம், மகள் இர்ஷானா சுகம், ஆடு இரண்டும் சுகம். வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் சுகமில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் முதுகுவலி எப்படி? பெருநாளுக்கு அனுப்பிய படத்தில் வயிறு முன்னால் நிற்கிறது, நீங்கள் அதற்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறீர்கள். வெயில் உங்களைக் கரைக்கவில்லை என்று தெரிந்து சந்தோஷம்.

இதை வொட்ஸ்அப்பில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். நான் பேசி அனுப்புவதை நீங்கள் அறையில் உள்ள பன்னிரண்டு பேருக்கும் சத்தமாகப் போட்டுக் காட்டிச் சிரிப்பது எனக்குத் தெரியும். இது பன்னிரண்டு பேர் கேட்கும் விஷயம் அல்ல. அதனால் வியாழக்கிழமை பிளேன் ஏறும் றிஸ்லானின் கையில் கொடுக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவனின் எழுத்து. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இருந்தால் இன்னும் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளவும்.

இர்ஷானாவுக்குப் பேசியிருக்கும் லண்டன் மாப்பிள்ளை அஸாம், கொம்பியூட்டர் வேலையை இங்கிருந்தே செய்யலாமென்று நம் ஊருக்கே குடிவரச் சம்மதித்ததும், அவர் உம்மாவோடு நாம் எல்லாம் பேசி முடித்ததும் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை தானே நம்மோடு பேச வேண்டும் என்று கேட்டு, போன வெள்ளிக்கு முந்திய வெள்ளி அசர் தொழுகைக்குப் பிறகு வீடியோவில் வந்தார். நீங்கள் வேலையில். போனைச் சீனி டின்னில் சாத்தி வைத்து, நானும் ஆயிஷாவும் கலியாணம் பேசிய ஹவ்வா உம்மாவும் முன்னால் இருந்தோம். இர்ஷானாவைக் குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்கச் சொன்னோம், அதுதானே முறை. மாப்பிள்ளை ஸலாம் சொன்னார், சுகமா என்றார், சாப்பிட்டீங்களா என்றார். அத்தோடு அவருடைய தமிழ் முடிந்துவிட்டது. பிறகு இங்கிலீஷ் தொடங்கியது, மச்சான், மாரி மழை மாதிரி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏனென்றால் எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று பதினான்கு வருடமாகச் சொல்லி வருகிறவன் நான்தான்.

பொய்யும் இல்லை. வாவியில் வெள்ளைக்காரரைத் தோணியில் ஏற்றிக்கொண்டு திரிகிறேன் அல்லவா, அதில் எனக்கு அகப்பட்ட இங்கிலீஷ் ஆறு சொல். அண்ட், பட், இஃப், வென், ஸோ, பிகோஸ். மற்றச் சொற்கள் குஞ்சு மீன் போல வலைக்கண்ணால் போய்விடும். இந்த ஆறும் ஒவ்வொரு பேச்சிலும் திரும்பத் திரும்ப வருவதால் மாட்டிக்கொண்டன. வெள்ளைக்காரர் இவற்றைத் தனியே அனுப்புவதும் இல்லை, சோடி சேர்த்துத்தான் அனுப்புவார்கள். ‘அண்ட் வென்’ என்பார்கள், ‘ஸோ இஃப்’ என்பார்கள், ‘பட் பிகோஸ்’ என்பார்கள். ஏன் இரண்டு என்று தோணித் தண்டு வலித்தபடியே யோசித்திருக்கிறேன். முதல் சொல் போன பேச்சை விடாமல் பிடித்துக்கொள்கிறது, இரண்டாவது சொல் வரப்போகும் பேச்சுக்குக் கயிறு எறிகிறது. நமக்கு அந்தக் கரைச்சல் இல்லை. ‘வந்தால்’ என்றால் போதும், அவர்களுடைய இஃப் நம் பேச்சின் வாலில் சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டு வரும். அவர்களுக்கு எல்லாம் தலையில். ஒரு தலைக்கு இரண்டு தொப்பி போட்டு ஒரு பேச்சு வந்தால், அதற்குள் பெரிய விஷயம் இருக்கிறது என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரப் பெண் ‘பட் இஃப்’ என்று தொடங்கியதும், பயந்துவிட்டா என்று நினைத்துத் தோணியைக் கரைக்கு அடித்தேன். இறங்கிய பிறகுதான் அவவின் புருஷன் கையால் காட்டினான், முதலை வந்தால் படம் எடுக்க இன்னும் கிட்டப் போகலாமா என்றுதான் கேட்டிருக்கிறா. அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை.

மாப்பிள்ளை பேசினார், நான் எண்ணினேன். மூன்று ‘பட் இஃப்’, கடைசியில் ஒரு ‘ஸோ இஃப்’. பிறகு பேச்சை நிறுத்தி என் முகத்தையே பார்த்தார். ஏதோ கேட்டிருக்கிறார் என்று விளங்கியது. சபையில் வாய் மூடி இருக்கலாமா? “யெஸ், யெஸ், நோ ப்ரொப்ளம்” என்று சிரித்தேன். பிள்ளையின் முகம் வாடிவிட்டது, மச்சான். ஸலாம் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

“காக்கா, என்ன சொன்னாரு?” என்று இந்த அண்ணனிடம் கேட்டாள் ஆயிஷா.

“மூணு தரம் ‘ஆனா’ண்டாரு. எல்லாத்துக்கும் பின்னால ஒரு ‘எண்டா’ இரிந்திச்சு.”

“ஆனா என்ன எண்டா?”

“அதத்தான் யோசிக்கிறன்.”

ஹவ்வா உம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னா. “என்னகா யோசன? முப்பது வருசமாக் கலியாணம் பேசுறன். மாப்பிள்ளைட வாயில ‘ஆனா’ வந்தா அது வீடுதான். குடிவாற வீட்டில குறை இல்லாம ஒரு மாப்பிள்ளையும் ‘ஆனா’ண்டு சொன்னதில்ல. லண்டன்ல மாடியில இரிந்த புள்ள. இஞ்ச மாடி எங்க இரிக்கி?”

லண்டன் உம்மாவிடம் கேட்டுப் பார்ப்போமா என்றாள் ஆயிஷா. கேட்டால் நமக்கு இங்கிலீஷ் விளங்கவில்லை என்று தெரிந்துபோகுமே என்று நான்தான் தடுத்தேன். ஆக, இனி நான் சொல்லப்போவதைக் கட்டிலில் இருந்துகொண்டு வாசிக்கவும். உங்கள் வீட்டுக்கு மேல் மாடி எழுப்ப, மேசன் முஹம்மட் மறுநாளே வந்து முன் மண்டபத்து ஓடுகளையெல்லாம் கழற்றினார். கழற்றிய அன்றே வேறு வேலை இருக்கிறதென்று போனார், இன்னும் வரவில்லை. மழை வந்துவிட்டது. இப்போது மண்டபத்தில் ஆடு தண்ணீர் குடிக்கிறது, நாங்கள் குசினிக்குள் குடியிருக்கிறோம். ஆயிஷா என்னோடு பேசுவதில்லை, சோற்றை மட்டும் முன்னால் வைக்கிறாள், அதுவும் சத்தமாக. மாப்பிள்ளையிடமிருந்து பதினொரு நாளாக ஒரு போன் கோலும் இல்லை. இர்ஷானா எதுவும் கேட்பதில்லை, மழைத் தண்ணீரை வாளியால் அள்ளி அள்ளி ஊற்றுகிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் வாயால் அந்தப் பிள்ளையின் கலியாணம் குழம்பினால், தோணியை விற்றுவிட்டு நானும் உங்கள் அறைக்குப் பதினான்காவது ஆளாக வந்துவிடுவேன்.

ஆகவே, இது கண்டதும் லண்டனுக்குக் கோல் எடுத்து, மாடி கட்டாயம் வரும், படிக்கட்டுக்கு மாபிள் கல்லும் பதிக்கிறோம் என்று மாப்பிள்ளையின் உம்மாவிடம் பணிவாகச் சொல்லவும். உங்கள் பணிவு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஆகவே இரண்டு தரம் சொல்லிப் பழகிவிட்டுக் கோல் எடுக்கவும். அதற்கும் அவர்கள் மனம் இரங்காவிட்டால் இந்த இடத்தை விட்டுவிடுவோம். தமிழ் பேசும் ஒரு மாப்பிள்ளையை நானே பார்க்கிறேன்.

உங்கள் முதுகு நிமிரவும், வயிறு வடியவும், அடுத்த பெருநாளைக்கு ஓடு உள்ள ஒரு வீட்டுக்கு நீங்கள் வந்து சேரவும் ஐந்து நேரமும் துஆச் செய்யும்,

மச்சான் மீராசாஹிப்

பின்குறிப்பு:

மச்சான், மேலே எழுதிய ஒன்றையும் செய்ய வேண்டாம். லண்டனுக்குக் கோல் எடுக்கவே வேண்டாம். கவரில் உங்கள் விலாசத்தை இங்கிலீஷில் எழுதித் தா என்று கடிதத்தை இர்ஷானாவிடம் கொடுத்தேன். அவள் முழுவதையும் வாசித்துவிட்டு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்துவிட்டாள். மாப்பிள்ளை நம் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். ‘ஆனா இர்ஷானாவுக்கு என்னைப் புடிக்காட்டி என்ன செய்வீங்க? ஆனா அவ வெக்கத்தில சொல்லாம இரிந்தா? ஆனா அவட விருப்பத்த ஒருத்தரும் கேக்காட்டி? அப்படியெண்டா கட்டாயப்படுத்தித்தான் கட்டிக் குடுப்பீங்களா?’ இதைத்தான் கேட்டாராம். அதற்குத்தான் நான் யெஸ், யெஸ், நோ ப்ரொப்ளம் என்று சிரித்திருக்கிறேன்.

“அடியே, இவ்வளவும் விளங்கிச்செண்டா ஏன் புள்ள அண்டைக்கே சொல்லல்ல?”

“என்னை ஆராவது கேட்டீங்களா, மாமா?”

எனக்கு ஆறு சொல்லும் மறந்துபோயின. அன்றைக்கே மாப்பிள்ளையின் தங்கச்சிக்கு மெசேஜ் போட்டாளாம், மாமா சொன்னது மாமாவின் பதில், என் பதில் இல்லை, வாப்பா என்னிடமே கேட்கும்வரை வீட்டுக்குக் கோல் எடுக்க வேண்டாம் என்று. ஆகவே நீங்கள் இங்கே எடுங்கள். ஆயிஷாவிடம் பேச வேண்டாம், என்னிடம் பேசவே வேண்டாம், மகளைக் கூப்பிட்டு அவளிடம் கேளுங்கள். பதில் என்னவென்று எனக்குச் சொல்லமாட்டாளாம். நானும் விடாமல், மேசன் வந்தால் என்ன சொல்வது என்று கேட்டேன்.

“கழட்டின ஓடுகளத் திரும்பப் போடச் சொல்லுங்க, மாமா. மாடி வேணாம். அவருக்குப் படியேறினா மூச்சு வாங்குமாம்.”