கலர் நாயனா கறுப்படித்த தலைமுடி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு ஐந்தாவதோடு நின்றுபோனது. மறதி வேறு. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று நிச்சயம்: பெரிய காஞ்சிபுரத்தில் கலர் நாயனா பெயிண்ட் அடிக்காத பொருள், அவர் கைக்கு எட்டாத பொருள்தான்.

எதிர் வீட்டுக்காரர். பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவர். என் வாசல் கதவு காவி நிறத்தில் "அழுவுது" என்று, நான் கோயிலுக்குப் போய் வருவதற்குள் கிளிப்பச்சை அடித்துவிட்டார். பால்காரர் சைக்கிளில் ஒரு சக்கரம் மஞ்சள், மற்றது ஊதா. கேட்டால், "உடலும் பார்டரும் ஒரே கலர்ல இருந்தா அது பொடவையாம்மா?" என்பார்.

என் மாடியில் குடியிருக்கும் உமா ஏனாத்தூர் காலேஜில் படிக்கிறாள். சிநேகிதியிடம் கெஞ்சி ஒரு ஜப்பான் படக்கதைப் புத்தகம் வாங்கி வந்தாள். சொந்தத் தங்கையைக்கூடத் தொடவிடாதவளாம் அந்தச் சிநேகிதி. திங்கட்கிழமை புத்தகம் போகாவிட்டால் சிநேகிதமே போச்சு. "ஆயா, பத்திரம்" என்று என்னிடம் கொடுத்துவிட்டு உமா ஊருக்குப் போனாள்.

நாயனா வந்தார். நான் காபி கலக்கிக்கொண்டு வருவதற்குள் ஆளையும் காணோம், புத்தகத்தையும் காணோம்.

ஞாயிறு மாலை உமா திரும்பிய நேரம் பார்த்துப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். எல்லாப் பக்கமும் கலர்! சண்டை போடுகிறவனெல்லாம் அரக்குச் சட்டையில், மாம்பழ மஞ்சள் பார்டரோடு நிற்கிறான்.

உமா அழுதேவிட்டாள். "ஐயோ நாயனா! அமெரிக்கா புக்குதான் முழுக்கக் கலரு. ஜப்பான் புக்குல உள்பக்கம் கறுப்பு வெள்ளைதான். அதான் அவங்க வழக்கம்!"

"அப்டியா? பாவம், சாயம் கெடைக்கலன்னு நெனச்சேன்."

"வெள்ளை முடி ஹீரோ, கறுப்பு முடி வில்லன். ரெண்டு பேருக்கும் கறுப்படிச்சு வச்சிருக்கீங்க. யாரு யார அடிக்கறான்னே தெரியல!"

"இருவது வயசுப் பையனுக்கு முழு நரையா? அவனுக்கு எவன்மா பொண்ணு குடுப்பான்?"

"பொண்ணு கெடக்குது நாயனா! இந்தப் புள்ள அழுதுக்கினு இருக்குது, எதனா பண்ணுங்க!" நான் கத்தியது எனக்கே புதிது.

பண்ணினார். ஹீரோ தலையெல்லாம் வைட்னர். அது இட்லி மாதிரி உப்பிக்கொண்டு, புத்தகம் மூடவே இல்லை.

மறுநாள் உமாவோடு அவரும் பஸ் ஏறினார். சிநேகிதி பக்கம் பக்கமாகப் பார்த்தாளாம். நாயனா, "நான்தாம்மா பண்ணேன். இந்தப் பொண்ணு மேல கோச்சுக்காத" என்று நின்றாராம். "கதையில வர்ற ராஜாவுக்கு மட்டும் ஏன் அங்கிள் வெத்தலை போட்ட வாய்?" என்று கேட்டுச் சிரித்துவிட்டாளாம். சிநேகிதம் பிழைத்தது. ஆனால் இனி அவள் புத்தகம் எதுவும் எங்கள் தெருவுக்கு வராது.

ஜப்பான் வழக்கம் உமா சொன்னபடிதானா என்று தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். நாயனா மகள் வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாகிறது. வந்ததும் அதைத்தான் கேட்பார். என் வாசல் கதவில் கிளிப்பச்சை வெளுத்து உரிகிறது. வேறு யாரையும் அதில் கைவைக்க விடவில்லை.