ஒரு மக்ரூனுக்கு மூன்று பல்

“பல்லை உப்புலயா போட்டுக் கொண்டாந்திய?” ஆராய்ச்சி மாணவன் ஜெனிஸ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“கெட்டுப்போவக் கூடாதுல்லா, தம்பி. தூத்துக்குடிக்காரன் வேற எதுல போடுவான்?” என்றார் ஹார்டுவேர் கடை பாண்டியராஜன், வீங்கிய கன்னத்தோடு.

“உப்பு பட்டா செல்லு செத்துரும், அண்ணாச்சி.”

பல்லுக்குள் இருக்கும் ஸ்டெம் செல்லை வளர்த்து இன்சுலின் சுரக்க வைக்க ஜெனிஸ் செய்யும் ஆராய்ச்சியைப் பேப்பரில் படித்ததிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மனைவி பிரேமாவுக்கு ஒன்பது வருஷமாக இன்சுலின் ஊசி. கல்யாணமான புதிதில் தினமும் சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து ஒரு மக்ரூனை இரண்டாக உடைப்பார்கள். பெரிய பாதி எப்போதும் பிரேமாவுக்கு. அவளுக்கு ஊசி வந்த அன்றிலிருந்து அவரும் இனிப்பைத் தொடவில்லை. அந்தச் சாயங்காலம் ஒரே ஒரு தடவை திரும்பி வந்தால் போதும், வாயிலிருக்கும் மொத்தப் பல்லும் போகட்டும் என்றிருந்தார்.

மறுவாரம், வலிக்காத பல்லை வலிக்கிறது என்று சாதித்து இரண்டாவதையும் பிடுங்க வைத்தார். மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் வாங்கி, அதில் புதைத்துக் கொண்டுவந்தார். ஜெனிஸ் மூடியைத் திறந்ததும் சாளை வாடை அடித்தது.

“கிருமி ஏறிட்டு, அண்ணாச்சி.”

வீட்டில் பிரேமா, “ஏன் தெனமும் கொழஞ்ச சோறே கேக்கிய?” என்றாள்.

“வயிறு சரியில்லளா.”

பாவம், நம்பிவிட்டாள். ஒரு மாதம் காலையும் மாலையும் நிலவேம்புக் கஷாயம் கொடுத்தாள். அவரும் குடித்துத் தொலைத்தார்.

மூன்றாவது பல்லுக்கு ஜெனிஸே குப்பியோடு பல் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். இரண்டு மாதம் கழித்துப் போன் வந்தது.

“அண்ணாச்சி, செல்லு வளந்துட்டு! சர்க்கரையை ஊத்துனா இன்சுலின் விடுது!”

பாண்டியராஜன் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு ஓடினார்.

“எப்பம் வீட்டுக்குக் கொண்டுபோவலாம்?”

“மொத நாளே சொன்னேம்லா? இது ஆராய்ச்சி மட்டுந்தான். மனுசருக்குக் குடுக்க இன்னும் வருசக்கணக்கா ஆவும்.”

சொன்னான்தான். இவர் காதில்தான் ஏறவில்லை. காலிக் கேரியரோடு வெளியே வந்தார். கால் தானாகப் பழைய மக்ரூன் கடைக்குப் போய்விட்டது. வாங்க வேண்டாம், முந்திரி வேகும் வாசனையை மட்டும் பிடித்துவிட்டுப் போகலாம் என்று ஓரமாக நின்றார்.

கல்லாவிலிருந்த பானுப்ரியா, அவர் கடையில் ஆணி வாங்கிப் பழக்கமானவள், பார்த்ததும் சிரித்தாள்.

“என்ன அண்ணாச்சி, இன்னைக்கு நீங்களே வந்துட்டிய? ‘அவுகளுக்கு மக்ரூன் இல்லாட்டி ஒறக்கம் வராது’ன்னு பிரேமா அக்கால்லா வாராவாரம் கால் கிலோ வாங்கிட்டுப் போவாவ!”