காட்டா அண்ணனின் காலி எடை

ரேணிகுண்டா சுற்றுவட்டாரத்திலேயே பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஒருவர்தான். அவருடைய எடை நூற்றைம்பது கிலோ, ஐந்து கிலோ முன்னே பின்னே.

முன்னே பின்னே என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லாரிகளை எடை போடும் எடைமேடையை எங்கள் பக்கத்தில் காட்டா என்பார்கள். அதை இயக்குகிறவர் என்பதால் அவர் காட்டா அண்ணன். கல் லாரியைத் தாங்கும் மேடைக்குச் சில்லறைக் கிலோ எல்லாம் கண்ணில் படாது. நூற்று நாற்பது, நூற்றைம்பது என்று பத்துப் பத்தாகத்தான் காட்டும். அண்ணன் தன்னையும் அதில்தான் எடை போட்டுக்கொள்வார். ஒருமுறை கிளினிக்கில் இருந்த முள் தராசில் ஏறினார். முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு இருபதில் வந்து நின்றது. நர்ஸம்மாவும் சீட்டில் இருபது என்றே எழுதிவிட்டார். அன்றோடு மற்ற தராசுகள் மேல் அவருக்கு மரியாதை போய்விட்டது.

நான் பக்கத்து லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவன். மாதம் பிறந்ததும் முதல் நாள் காலையில் அண்ணன் என்னைக் கூப்பிடுவார். செருப்பைக் கழற்றிவிட்டு மேடை நடுவில் போய் நிற்பார். நான் உள்ளே கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டினால் சீட்டு அச்சாகி வரும். வண்டி எண் என்ற கட்டத்தில் ‘சொந்த வண்டி’ என்று அடிக்கச் சொல்வார். மொத்த எடை நூற்றைம்பது. காலி எடை என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விடுவார். ஏன் என்று கேட்டேன்.

“காலியானாத்தானே தம்பி தெரியும்” என்றார்.

லாரிக்காரர் பேச்சுதான் அது. சரக்கு இறங்கினால்தான் வண்டியின் காலி எடை தெரியும். ஆனாலும் ஆள் காலியாவது என்றால் அர்த்தம் வேறு. எனக்கு அது பிடிக்கவில்லை. சும்மா சிரித்து வைத்தேன்.

எடை விஷயத்தில் அவரிடம் யாருக்கும் சலுகை கிடையாது. குப்பம் ஊரிலிருந்து கிரானைட் ஏற்றி வந்த முதலாளி ஒருவர், கொஞ்சம் குறைத்துப் போடுங்கள் என்று காரிலிருந்து இறங்கி வந்தே கேட்டுப் பார்த்தார். “அது இரும்பு சார். அதுக்கு உன்னயும் தெரியாது, என்னயும் தெரியாது” என்று சொல்லி அனுப்பிவிட்டார். காலி லாரியை எடை போடும்போது டிரைவர், கிளீனர், அவர்கள் சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் கீழே இறங்கியாக வேண்டும். தூக்கின் எடையை மேடை கண்டுகொள்ளாது என்பது அவருக்கும் தெரியும். முறை என்று ஒன்று இருக்கிறதே என்பார்.

அப்படிப்பட்ட மனிதரின் உடம்புக்குள் என்னென்னவோ குடியேறியிருந்தன. சர்க்கரை, பிபி, ராத்திரியானால் நெஞ்செரிச்சல், கல்லீரலில் கொழுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே தூக்கம். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். டிரைவர்களுக்கு முன்னே வா, பின்னே போ என்று சொல்ல அவர் மேஜையில் ஒரு மைக் உண்டு. ஒருநாள் அதன் மேலேயே சாய்ந்துவிட்டார். குறட்டை ஸ்பீக்கரில் யார்டு முழுக்கக் கேட்டது. மேடையில் லாரி நிற்கும்போது இன்ஜினை அணைத்திருக்க வேண்டும் என்பது விதி. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் இன்ஜினை ஆஃப் பண்ணுடா என்று கத்த, மேடை மேல் நின்ற லாரியின் டிரைவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, அணைத்துவிட்டேன் என்று வெங்கடேசப் பெருமாள் மேல் சத்தியம் செய்தான்.

இதையெல்லாம் சொல்லி நாங்கள் பல நாள் சிரித்தோம். குறட்டை நடுவில் திடீரென்று நின்று, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் இருந்து, பிறகு ஒரு திணறலோடு மறுபடி தொடங்கும். அதைக்கூட நான் நடித்துக் காட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிறகு அந்தத் தப்பு நடந்தது. பட்டனைத் தட்டும் நேரத்தில் கண் அசந்ததில், ஒரு லாரியின் எடை வேறொரு லாரியின் எண்ணில் அச்சாகிவிட்டது. அவர் சர்வீசிலேயே முதல் பொய்ச் சீட்டு. சூளூர்பேட்டை தாண்டிவிட்ட லாரியைப் போன் போட்டுத் திருப்பி வரவழைத்தார். டிரைவர் திட்டிய அத்தனையையும் நின்று கேட்டுக்கொண்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வீட்டோடு இருந்துவிடு என்று காட்டா முதலாளி சொல்லிவிட்டார். அண்ணன் இரண்டு நாள் மைக்கைத் தொடவில்லை. மூன்றாம் நாள், திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும், கூட வா என்றார்.

நானும், அவர் மனைவி பத்மா அண்ணியும் போனோம். அண்ணி நகரி விசைத்தறிக் குடும்பத்துப் பெண். எடையில் கணவரின் மூன்றில் ஒரு பங்குதான் இருப்பார். சர்ஜன் ஒரு அம்மா. அண்ணன் மெடிக்கல் ஃபைல் என்று நீட்டியது ஐந்து வருட எடைச் சீட்டுக்கட்டு. அந்த அம்மா சிரிக்காமல் புரட்டிப் பார்த்தார். பிறகு தெலுங்கும் தமிழுமாக விளக்கினார். இத்தனை நோய் இருப்பதால் எடைக் குறைப்பு ஆபரேஷன் கூடாது என்பதில்லை. இவை இருப்பதால்தான் அதைப் பற்றி யோசிக்கவே சொல்கிறேன். ஆனால் இதே நோய்களால் மயக்கம் கொடுப்பதில் ஆபத்தும் கூடுதல். ஆகவே முதலில் சர்க்கரை இறங்க வேண்டும், இதயத்தைச் சோதிக்க வேண்டும், தூங்கும்போது மூச்சுக்கு முகமூடி மெஷின் போட வேண்டும், கல்லீரல் சுருங்கப் பத்தியம் இருந்து ஐந்து கிலோவாவது இறக்க வேண்டும். இரைப்பையைக் குழாய் மாதிரி சுருக்குவது ஒரு வகை. சின்னப் பையாக்கிக் குடலோடு சேர்ப்பது இன்னொரு வகை. நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு இரண்டாவதுதான் தோது. ஆனால் ஆயுள் முழுக்க வைட்டமின் மாத்திரை உண்டு. வேண்டாமென்றால் மருந்து, ஊசி, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்ற வழியும் இருக்கிறது, பலன் மெதுவாக வரும். முடிவு உங்களுடையது என்றார்.

ஆஸ்பத்திரித் தராசு நூற்று நாற்பத்தேழு காட்டியது. அண்ணனுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

“இந்தத் தராசுக்கு கவர்மெண்ட் முத்திர இருக்குதா மேடம்?”

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணி ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். சுகர், பிபி, மூச்சுத் திணறல் எல்லாம் வைத்துக்கொண்டு மயக்கத்தில் போய்ப் படுப்பதா என்பது அவர் கேள்வி. நான் அண்ணி கட்சி. இதைச் சொல்ல வெட்கம் இல்லை, எனக்குப் பயம்.

அண்ணன் நிதானமாகச் சொன்னார். “ரெண்டும் தூக்கந்தான். ஆஸ்பத்திரி தூக்கத்துல என் மூச்ச பாத்துக்கினு ஒருத்தர் பக்கத்துலயே நிப்பாங்க. வீட்ல தூங்கறேனே, அங்க எவன் நிக்கறான்?”

அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தார். “நான் நிக்கல? மூச்சு நின்னா முழங்கையால இடிக்கறது யாருன்னு நெனச்சிக்கினு இருந்தே? பதினோரு வருசமா நான் முழுசா தூங்கல.”

இரண்டு பஸ் வந்து போனது. நாங்கள் ஏறவில்லை.

முகமூடி மெஷின் வீட்டுக்கு வந்தது. போட்ட முதல் வாரமே அண்ணி காலை எட்டு மணிவரை தூங்கினார். பால்காரர் கதவைத் தட்டி ஓய்ந்து, என்னவோ ஏதோ என்று அக்கம்பக்கத்தைக் கூட்டிவிட்டார். ராத்திரி எத்தனை தடவை மூச்சு நின்றது என்பதை அந்த மெஷின் எண்ணி வைத்துக்கொள்ளும். அதைத் தெரிந்துகொண்டதும் அண்ணனுக்கு அதன் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. இதுவும் காட்டாதான் தம்பி என்பார். மாதக் கடைசியில் அண்ணி தானாகவே பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் அண்ணனே ஆபரேஷனை வேண்டாம் என்று சொல்ல இருந்தார். பத்து நாள் சூப்பும் மோரும் குடித்துவிட்டு மேடையில் ஏறினார். நூற்றைம்பது. அச்சான சீட்டைப் பார்த்தார். சொன்ன எடை இறங்கவில்லை, தகுதியில்லாத வண்டியை உள்ளே விடக்கூடாது என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போடப் போனார். நான் போனைப் பிடுங்கி, ஷேர் ஆட்டோவில் திணித்து அவரைத் திருப்பதிக்குக் கொண்டுபோனேன். அங்கே நூற்று நாற்பத்தைந்தும் கொஞ்சமும் காட்டியது. கிட்டத்தட்ட இரண்டு கிலோ இறங்கியிருந்தது. அதைப் பார்க்கக் காட்டாவுக்குக் கண் போதவில்லை. முத்திரை இல்லாத தராசை நம்புவதா என்று வழியெல்லாம் முணுமுணுத்தபடி வந்தார். இன்னும் பத்து நாளில் ஆஸ்பத்திரியில் நூற்று நாற்பத்திரண்டு, எங்கள் மேடையில் நூற்று நாற்பது. இரண்டு தராசும் ஒப்புக்கொண்ட பிறகுதான் தேதி குறிக்கச் சம்மதித்தார்.

ஆபரேஷன் அன்று கதவு சாத்தியதும், உயிரோடு வந்தால் எடைக்கு எடை வெல்லம் கொடுக்கிறேன் என்று அண்ணி மலையப்பனுக்கு வேண்டிக்கொண்டார். திருமலையில் துலாபாரம். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் மண்டைக்குள் அந்தக் காலி எடைக் கட்டம்தான் ஓடியது. மத்தியானம் சர்ஜன் அம்மா வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது, மூச்சு சீராக இருக்கிறது என்றார்.

ஒன்றரை வருடம் ஆகிறது. இன்சுலின் நின்றது. பிபி மாத்திரை ஒன்று மிச்சம். அரை இட்லி தின்ன இருபது நிமிஷம் பிடிக்கிறது. இட்லியில் ஏதோ குறை என்று ஓட்டல்காரர் இரண்டு தடவை வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார். பழைய டிரைவர்கள் அவரிடமே வந்து காட்டா அண்ணன் எங்கே என்று கேட்கிறார்கள். மைக்கில் ஒருதரம் பேசிக் காட்டினால்தான் நம்புகிறார்கள். அதற்குப் பிறகு ஒரு பொய்ச் சீட்டும் அச்சாகவில்லை.

போன மாதம்தான் வீட்டில் தகராறு. துலாபாரத்துக்கு எந்த எடை? இப்போது அவர் தொண்ணூறு. வேண்டிக்கொண்ட அன்று நூற்று நாற்பது. ஆளின் எடைக்குத்தானே வெல்லம் என்றார் அண்ணி. சாமியிடம் ஐம்பது கிலோ குறைத்துச் சீட்டுப் போட முடியாது என்றார் அண்ணன். தட்டில் கல்லைக் கட்டிக்கொண்டு உட்காரவா என்றுகூடக் கேட்டார். முதல் தேதி காலை அண்ணன் மேடையில் நிற்கும்போது பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

நான் வாய் திறப்பதற்குள் அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறி அண்ணன் பக்கத்தில் நின்றார்.

“பட்டன தட்டு தம்பி. நானும் உக்காரறேன் தட்டுல. அந்த மூச்சுல பாதி நான் காவல் காத்ததுதானே.”

தட்டினேன். நூற்று நாற்பது. அண்ணன் சீட்டை வாங்கி இரண்டு தரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முத்திரை போட்ட காட்டா சொன்னால் சரிதான் என்றார்.

அந்தச் சீட்டின் நகல் என் பர்ஸில் இருக்கிறது. வண்டி எண்: சொந்த வண்டி. மொத்த எடை: நூற்று நாற்பது. காலி எடைக் கட்டத்தில் எதுவும் இல்லை. அண்ணா, அது இன்னும் ரொம்ப நாளைக்கு அப்படியே இருக்கட்டும்.