ஒட்டாத தட்டணுக்கள்

கோடு அசையவே இல்லை. டோப்ரின் இயந்திரத்தின் தலையில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தான். அப்போதும் படுத்தே கிடந்தது.

புளோவ்திவ் நகரில் அவன் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு அதைச் சண்டை போட்டு வாங்கியவனே அவன்தான். ரத்தத்தில் தட்டணுக்கள் ஒட்டுவதை அது கோடு போட்டுக் காட்டும். காயத்தில் முதலில் ஒட்டிக்கொள்ளும் தட்டணு சும்மா இருக்காது. "இங்கே ஓட்டை, ஓடி வாங்கடா" என்று சைகை ரசாயனத்தைக் கக்கும். மற்றவை ஓடிவந்து கட்டிப்பிடித்து அடைக்கும், கோடு ஏறும். நோயில்லாத ரத்தத்தில் இன்று அது ஏறாவிட்டால் இயந்திரம் திரும்பிப் போகும், டோப்ரின் மூத்திரப் பரிசோதனைப் பிரிவுக்குப் போவான். பார்வையிடத் தலைநகர் சோஃபியாவிலிருந்து அதிகாரி அம்மாள் வருகிறாள்.

முதலில் வைத்தது தன் ரத்தம். ரத்தத்தில் கலக்கும் சைகை மருந்தைப் புதிதாக மாற்றினான், பலனில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஸ்டாமெனைப் பிடித்தான்.

"ஊசியா? ஆளை விடுப்பா."

டோப்ரின் வீட்டிலிருந்து கொண்டுவந்த குடைமிளகாய் ஊறுகாய் ஜாடியைத் திறந்தான். "பொண்டாட்டி போன வாரம் போட்டது. தினமும் எனக்கு இதுதான். தின்னுட்டு யோசி."

ஸ்டாமென் தின்றான், சாற்றையும் குடித்தான், அரைமணி நேரம் ஊர்வம்பு பேசிவிட்டுக் கையை நீட்டினான்.

"ஆஸ்பிரின் போட்டிருக்கியா? ஒரு மாத்திரை போதும், தட்டணுவெல்லாம் ஊமையாயிடும்."

"தலைவலிக்கே நான் ஒரு கிளாஸ் ராக்கியா சாராயம்தான் ஊத்திக்குவேன்."

கோடு படுத்தே கிடந்தது.

தலைமை மருத்துவர் ராலிட்சா வந்தாள். "உங்களுக்குக் கலக்கத் தெரியலை. என் ரத்தத்தை எடுங்க."

"வெறும் வயித்துல வேண்டாம் மேடம், மயக்கம் வரும்." ரொட்டியும் மிளகாயும் வைத்தான். அவள் சாப்பிட்டு, வார்டைச் சுற்றிவிட்டு வந்து ரத்தம் கொடுத்தாள். அதுவும் ஒட்டவில்லை.

"மூணு பேருக்குமா கோளாறு? இயந்திரம்தான் குப்பை."

அதற்குள் அதிகாரி அம்மாளும் வந்துவிட்டாள். டோப்ரின் அவளுக்கும் இலையில்லாத குறையாக விருந்து வைத்து, காப்பி கொடுத்து, பேச்சுக் கொடுத்து, கடைசியில் அவள் கையிலும் ஊசி போட்டான்.

கோடு கொஞ்சமும் இரங்கவில்லை.

"கட்டி அனுப்பிடுங்க," என்றாள் அவள். டோப்ரினுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் ரொட்டித் துண்டால் ஜாடியின் அடியில் இருந்த சாற்றைத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஊறுகாய் பிரமாதம்பா. கெடாம இருக்க எங்க வீட்டுல ஜாடிக்கு ரெண்டு ஆஸ்பிரின்தான் பொடிச்சுப் போடுவோம். உங்க வீட்டுல எத்தனை?"