காலை எட்டு மணி நன்றி

"மாமா, மேல என்ன பண்றீங்க? நெட் போயிடுச்சு!"

மருமகளின் குரல் மொட்டைமாடிக்கு வந்து சேர்ந்தபோது, கண்டக்டர் கையில் ஈரத்துணியோடு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்று ஆறு வருஷம் ஆகியும் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். பஸ் போய்விட்டது, விசில் மட்டும் இன்னும் கழுத்தில் தொங்குகிறது.

"ஒண்ணும் பண்ணலம்மா! லேசாத் தொடச்சேன், அவ்வளவுதான்!"

லேசாகத்தான் துடைத்தார். துடைக்க வசதியாக இருக்கட்டும் என்று டிஷ்ஷைக் கம்பத்தோடு பிடித்திருந்த நட்டைக் கழற்றினார். அந்த நட்டு இப்போது எங்கே உருண்டது என்று தெரியவில்லை.

இந்த ஊருக்கு வயர் இழுத்து இன்டர்நெட் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சாத கம்பெனி இல்லை. இருபது வீட்டுக்காக அத்தனை தூரம் பள்ளம் தோண்ட முடியாது என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி மட்டும் ஆள் அனுப்பி, குன்றின் மேல் நிற்கிற டவரைப் பார்த்தபடி மாடியில் ஒரு வெள்ளை டிஷ்ஷை மாட்டியது. பள்ளமும் இல்லை, தெருவில் ஒரு வயரும் இல்லை. இன்டர்நெட் காற்றிலேயே வந்து இறங்கிவிட்டது.

அன்றிலிருந்து கண்டக்டருக்கு நன்றி சொல்லி மாளவில்லை. தினமும் காலையில் டிஷ்ஷைத் துடைப்பார். எட்டு மணிக்குக் கம்பெனியின் புகார் எண்ணுக்குப் போன் போட்டு, அரைமணி நேரம் நன்றி சொல்வார். பேத்தி ஏ பி சி டி படித்தது, மனைவியின் முட்டிவலியை டாக்டர் திரையிலேயே பார்த்து மாத்திரை சொன்னது, ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, கடைசியில் "ரைட், போலாம்!" என்று ரெண்டு விசில் அடித்துத்தான் வைப்பார்.

"புகார் நம்பர்ல போய் நன்றி சொல்ற ஒரே மனுஷன் நீங்கதான்" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

"திட்டறதுக்கு ஊரே போன் பண்ணும். நல்லா இருக்குன்னு சொல்ல ஒருத்தனாவது வேணாமா?"

ஆனால் இன்றைக்கு விளையாட்டு இல்லை. பதினொரு மணிக்கு மருமகளுக்கு இன்டர்வியூ. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. கிடைத்தால் எல்லோரும் இங்கேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் மகனும் மருமகளும் நாலு வயதுப் பேத்தியும் அடுத்த மாதம் டவுனுக்குக் குடிபோகிறார்கள். அட்டைப்பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. பேத்தி அதில் ஒன்றைப் பஸ்ஸாக்கி உள்ளே உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, ஒரு டிக்கெட்" என்று கேட்கும்போதெல்லாம் கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எந்தக் கம்பெனி என்று மருமகள் சொல்லவே இல்லை. சொன்னால், வேலை கிடைப்பதற்கு முன்பே மாமா போன் போட்டு நன்றி சொல்லிவிடுவார் என்ற பயம் அவளுக்கு.

மணி பத்தே முக்கால். கண்டக்டர் டிஷ்ஷை இடமும் வலமுமாகத் திருப்பினார்.

"வந்துச்சா?"

"இல்ல மாமா!"

"இப்ப?"

"வந்துருச்சு! அப்படியே விடுங்க!"

கண்டக்டர் வெற்றியோடு ஒரு விசில் அடித்துக் கையை எடுத்தார். டிஷ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

"போச்சு மாமா!"

கட்டிவிடலாம் என்று துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்தார். அதில் காய்ந்துகொண்டிருந்த ஈரப் போர்வை நேராக டிஷ்ஷின் மேல் விழுந்து போர்த்திக்கொண்டது. போர்வையை இழுத்தார். கம்பம் சாய்ந்தது. கம்பத்தை நிமிர்த்தினார். அதற்குள் டிஷ் டவருக்கு முதுகைக் காட்டிவிட்டது. கடைசியில் அதை டவர் பக்கம் திருப்பி, முன்னால் நின்று ஒரு கையால் கட்டிப்பிடித்துக்கொண்டு, மறு கையால் புகார் எண்ணுக்குப் போன் போட்டார்.

"ஐயா, வணக்கம். இன்னிக்குத்தான் எட்டு மணிக்கே பேசிட்டீங்களே?" என்றாள் எதிர்முனைப் பெண்.

"இது கம்ப்ளைன்ட்டும்மா."

"நெஜமாவா? கம்ப்ளைன்ட்டா?" அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். "சொல்லுங்க ஐயா, சொல்லுங்க!"

"சொல்றேன். அதுக்கு முன்னாடி, உடனே போனை எடுத்ததுக்கு ஒரு நன்றி சொல்லிடறேன்..."

அந்த நன்றி முடிவதற்குள் பதினொன்று அடித்துவிட்டது. ஆள் நாளைக்குத்தான் வருவார் என்று சொல்லிவிட்டு அவள் பெருமூச்சோடு போனை வைத்தாள்.

கீழே, இன்டர்வியூ எடுக்கும் மேடத்தின் முகம் திரையில் வந்து, வாயைத் திறந்தபடி உறைந்து, மறுபடி வந்தது.

"உங்களைப் பத்தி... சொல்..."

மருமகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். இன்னொருத்தியாக இருந்தால் கத்தியிருப்பாள், அழுதிருப்பாள். அவள் குரலில் சின்ன எரிச்சல்கூட இல்லை.

"மாமா, பதட்டப்படாதீங்க. நீங்க நல்லாத்தான் பண்றீங்க. இப்ப எங்க நிக்கறீங்க?"

"டிஷ்ஷுக்கு முன்னாடிம்மா! கெட்டியாப் பிடிச்சிருக்கேன்!"

"சரி. டவர்ல இருந்து வர்றதை நீங்கதான் மறைச்சிட்டு நிக்கறீங்க. டிஷ்ஷை அசைக்காம, மெதுவா பின்னாடி போய்ப் பிடிங்க. கைப்பிடிச்சுவர் பக்கம் போகாதீங்க. அவசரமே இல்ல."

கண்டக்டர் நத்தை மாதிரி நகர்ந்து பின்பக்கம் போனார். மேடத்தின் முகம் பளிச்சென்று தெளிந்தது.

"வந்துருச்சு மாமா! ரொம்ப நன்றி!"

கண்டக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பழக்க தோஷம், ரெண்டு விசில் அடித்தார்.

"அது என்ன சத்தம்?" என்று மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க மாமா, மேடம். மாடியில டிஷ்ஷைப் பிடிச்சிட்டு நிக்கறாரு. மன்னிச்சுக்கோங்க."

மேடம் திரைக்கு இன்னும் நெருங்கி வந்தார். பிறகு, தயாராக வைத்திருந்த கேள்வித்தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, வேறு என்னென்னவோ கேட்க ஆரம்பித்தார்.

முக்கால் மணி நேரம் கண்டக்டர் கம்பத்தோடு கம்பமாக வெயிலில் நின்றார். மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தது, அசையவில்லை. தோள் கழன்று விழும்போல வலித்தது, அப்போதும் அசையவில்லை. பேத்தியின் அட்டைப்பெட்டி பஸ் இந்த வீட்டைவிட்டு எங்கேயும் கிளம்பக் கூடாது, அவ்வளவுதான் அவர் வேண்டுதல்.

"மாமா!" என்று கீழேயிருந்து அலறல். "வேலை கிடைச்சிருச்சு! திங்கக்கிழமை சேரச் சொல்லிட்டாங்க! மேடம் உங்களைப் பாக்கணுமாம்!"

மனைவி மாடிக்கு ஓடிவந்து டிஷ்ஷைப் பிடித்துக்கொள்ள, கண்டக்டர் ரெண்டு ரெண்டு படியாகத் தாவி இறங்கித் திரைக்கு முன்னால் போய் நின்றார். வேர்வையும் கண்ணீரும் ஒன்றாக வழிந்தன.

"என் குடும்பத்தை என்கிட்டயே விட்டுட்டீங்கம்மா. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். உங்க கம்பெனி நம்பரைக் குடுங்க, தினமும் போன் பண்ணி ஒரு நன்றியாவது சொல்லணும்."

மேடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நம்பர் மூணு மாசமா உங்ககிட்டதான் இருக்கு ஐயா. தினமும் எட்டு மணிக்கு வர்ற உங்க போனை எடுக்கறதுக்குன்னே ஒரு ஆள் வேணும்னுதான் இந்த இன்டர்வியூவையே வெச்சோம்!"