தலை தொழிலாளிக்கே!

வேட்பாளர் தலையைத் தொடவே இல்லை.

பெரிய தட்டின் நடுவில், கறிக்கும் அகலமான மாவுத் துண்டுகளுக்கும் மேலே, வெந்த ஆட்டுத் தலை ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது. மூக்கு நேராக விருந்தாளியைப் பார்த்தபடி. பக்கத்தில் தீட்டிய கத்தி. குவானிஷின் சின்னக் கூடத்தில் ஏழாம் நம்பர் கட்டடமே தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து எச்சில் விழுங்கியது. விருந்தாளி அந்தத் தலையில் முதலில் கத்தி வைக்காமல் மற்றவர்கள் கறியில் கை வைக்கக் கூடாது. அப்படி வைக்கிற ஆள் கஸாக் நாட்டில், கரகண்டா பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை.

வேட்பாளர் சன்ஜார் தலையைப் பார்த்தார். சிரித்தார். தேநீர்க் கிண்ணத்தை எடுத்து இன்னொரு வாய் குடித்தார்.

குவானிஷ் தலையையும் விருந்தாளியையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் நிலக்கரிச் சுரங்கத்தில் மின்சார வேலை பார்ப்பவன். கட்டடத்துக்கு அவன்தான் பொறுப்பாளி, அதாவது எது உடைந்தாலும் எல்லோரிடமும் திட்டு வாங்குகிறவன். போன குளிர்காலம் முழுக்க வெந்நீர்க் குழாய் வெடிப்பதும் ஒட்டுப் போடுவதுமாக இருந்தது. வீடு சூடாகவே இல்லை. ஜனங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்கினார்கள். அவன் மனைவி ரவ்ஷான் கம்பளிப் பூட்ஸோடு படுத்து, தூக்கத்தில் அவனை உதைத்த உதை இன்னும் முழங்காலில் வலிக்கிறது. இன்னொரு குளிர்காலம் இப்படிப் போனால் கட்டடத்தார் அவனைக் குழாய்க்குள்ளேயே வைத்து ஒட்டுப் போட்டுவிடுவார்கள்.

அப்போதுதான் படிக்கட்டுச் சுவரில் நகர மன்றத் தேர்தல் சுவரொட்டி வந்தது. தலைக்கவசம் போட்ட ஒருவரின் பழைய கறுப்பு வெள்ளைப் படம். அதன் கீழே: “அப்பாவை நிலக்கரி தின்றது. என்னை நீங்கள் வளர்த்தீர்கள். சுரங்கத் தொழிலாளி மகன் சன்ஜார்!”

“இவர்தான் நம்ம ஆளு,” என்று குவானிஷ் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். எல்லோரும் சேர்ந்து ஒரு ஆடு வாங்கினார்கள். அந்த ஆட்டின் தலைதான் இப்போது ஆறிக்கொண்டிருந்தது.

‘நேராக வைக்கவில்லையோ?’ என்று குவானிஷ் தட்டை ஒரு விரல் இடப்பக்கம் நகர்த்தினான். சன்ஜார் தொடவில்லை. வலப்பக்கம் நகர்த்தினான். ம்ஹூம்.

“எடுத்துக்குங்க தலைவரே, ஆறிப்போகுது.”

சன்ஜார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கூட வந்த பெண் சட்டென்று கைப்பேசியைத் தூக்கிப் படமெடுக்கத் தொடங்கினாள்.

“தலை எனக்கா?” என்றார் சன்ஜார். “அண்ணன்மாரே, இத்தனை காலமா இந்த நாட்ல தலை யாருக்குப் போச்சு? மேல உக்காந்திருக்கிறவனுக்கு! எலும்பு யாருக்கு வந்துச்சு?”

“எங்களுக்கு!” என்றது கூடம்.

“அவன் வீட்ல குழாய் வெடிக்குதா? வெடிக்காது! ஏன்? வெடிச்சா அவன் கால் குளிரும்! உங்க கால்னா அவனுக்கென்ன? இனிமே அந்தக் கதை நடக்காது. தலை தொழிலாளிக்கே!”

தட்டைத் தள்ளி ஒராஸலியின் முன்னால் வைத்தார். கூடம் அதிர்ந்தது. ஒராஸலி சுரங்கத்தில் பாறை உடைப்பவன். அவன் உட்கார்ந்தால் இரண்டு ஆள் இடம் போய்விடும். அவன் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டான்.

“என் வாயிலேர்ந்து பேச்சைப் புடுங்கின மாதிரி இருக்கு! இத்தனை நாள் வந்தவன் எல்லாம் ‘அடிப்படை வசதி மேம்பாடு’ன்னு ஏதேதோ சொல்லிட்டுப் போனான். இந்த மனுசன் ஒருத்தர்தான்யா ‘கால் குளிருது’ங்கறாரு!”

அதே வேகத்தில் கத்தியை எடுத்தான். எடுத்த கை அந்தரத்தில் நின்றது. முகம் வெளுத்துப்போயிற்று.

“என்னடா?” என்றான் குவானிஷ்.

“எங்கப்பா இருக்காருடா. ஊர்ல குதிரை மேய்ச்சுக்கிட்டுக் கல்லு மாதிரி இருக்காரு. அப்பா உசிரோட இருக்கறப்ப மகன் ஆட்டுத் தலையில கத்தி வைக்கலாமா? சீக்கிரம் செத்துப் போங்கன்னு வேண்டிக்கிட்ட மாதிரி ஆயிடாது?”

“தூ தூ, வைடா கத்தியை!” என்று நாலு பக்கமும் சத்தம் எழுந்தது.

சன்ஜார் தலை குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்பா இருக்கறவங்க கொடுத்து வச்சவங்க அண்ணே,” என்றார் மெதுவாக. கூடத்தில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். குவானிஷும் உச்சுக்கொட்டினான். பாவம், அப்பா இல்லாத பிள்ளை, எவ்வளவு அடக்கம்!

அடக்கம் சரி, கறி ஆறுகிறதே. குவானிஷ் தட்டைத் தூக்கி ரிஸ்பெக் பெரியவர் முன்னால் வைத்தான். கட்டடத்திலேயே மூத்தவர். அவருடைய அப்பா போய் யுகமாகிறது. ஒரு தடையும் இல்லை.

பெரியவர் தட்டைப் பார்க்கவில்லை. குவானிஷைப் பார்த்தார்.

“இந்தத் தலையை யாருக்குடா வச்சே?”

“விருந்தாளிக்குத்தான் பெரியவரே.”

“விருந்தாளி வேண்டாம்னு தள்ளினாரு. அந்தத் தடியன் வேண்டாம்னு தள்ளினான். கடைசியில கிழவன் கெடக்கான், அவன் தலையில கட்டுன்னு கொண்டு வந்தியா? நான் என்ன உன் வீட்டு நாயா?”

“ஐயோ, அப்படி இல்லீங்க...”

“என் தொப்பி எங்கே?” பெரியவர் எழுந்திருக்கத் தொடங்கினார். அவர் எழுந்து போனால் அவர் பின்னாலேயே முழுக் கட்டடமும் போய்விடும். ஓட்டும் போய்விடும், குழாயும் போய்விடும்.

“உக்காருங்க, உக்காருங்க! உங்களுக்குன்னு தனித் தலை வெந்துக்கிட்டு இருக்கு!” என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டு குவானிஷ் சமையலறைக்குள் பாய்ந்தான்.

ரவ்ஷான் சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். “ஒரு ஆட்டுக்கு எத்தனை தலைன்னு உங்க சுரங்கத்துல சொல்லித் தரலியா?” என்றாள்.

“கிண்டல் அப்புறம் பண்ணு. கீழ் வீட்டுக் கூல்யாஷ் அக்கா இன்னைக்குத் தலை வேக வச்சிருக்காங்கல்ல?”

“அது சம்பந்திக்கு! பொண்ணு கல்யாணம் பேச வர்றாங்க. அதுல போய்க் கை வைக்காதீங்க. ஆமா, உங்க ஆளு எதுக்குத் தலையைத் தொட மாட்டேங்கறாரு?”

“அடக்கம்டி! உனக்கெல்லாம் அது எங்கே புரியப்போகுது?”

கீழ் வீட்டில் கூல்யாஷ் அக்கா அடுப்பங்கரையில் தலையைக் காவல் காத்துக்கொண்டு நின்றாள்.

“சம்பந்தி வர்ற நேரத்துல தலையைக் கடன் கேக்கறியே, உனக்கு மூளை கீளை இருக்கா?”

“பெரியவர் சும்மா கை வச்சு ஆசீர்வாதம் பண்ணுவாருக்கா. அப்படியே திருப்பிக் கொண்டு வந்துடறேன். குழாய்க்கா! குழாய் போச்சுன்னா முதல்ல நனையறது உங்க வீடுதானே?”

அவளுடைய கல்யாணக் கம்பளம் போன தடவை நனைந்தது இன்னும் காயவில்லை என்பாள். யோசித்தாள். கொடுத்துவிட்டாள்.

ரிஸ்பெக் பெரியவர் முன்னால் புதுத் தலை வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. தொப்பியைக் கழற்றி வைத்தார். குவானிஷ் “கை மட்டும் வச்சு...” என்று வாயைத் திறப்பதற்குள் கத்தியை எடுத்து, ஒரே சீவில் வலது காதை அறுத்துப் பக்கத்தில் நின்ற பேத்தி வாயில் போட்டுவிட்டார். குழந்தைகளுக்குக் காதைக் கொடுப்பதுதானே முறை. அவள் கறுக் முறுக்கென்று மென்றாள்.

“ஏதோ ஒரு தலையில கத்தி பட்டாச்சு. எல்லாரும் சாப்பிடுங்க,” என்று பெரியவர் தீர்ப்புச் சொன்னார். அடுத்த நொடி கூடத்தில் பேச்சே இல்லை. மெல்லுகிற சத்தம்தான். சன்ஜாரும் விலா எலும்பை இரண்டு கையாலும் பிடித்து நன்றாகவே சாப்பிட்டார். அவருக்கு வைத்த தலை மட்டும் முழுசாக அப்படியே இருந்தது. குவானிஷ் அவர் பக்கம் அதைத் தள்ளுவான். அவர் சிரித்துக்கொண்டே திருப்பித் தள்ளுவார். கைப்பேசிப் பெண் அதையும் படமெடுத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம். ரவ்ஷான் எட்டிப் பார்த்தாள்.

“சாயங்காலம் வர்றதாச் சொன்ன சம்பந்தி இப்பவே வந்துட்டாரு. போங்க, ஒத்தைக் காதோட ஓடுங்க.”

சம்பந்தி அமன்தாய் நரித்தோல் தொப்பியும் கண்டிப்பான மீசையுமாகக் கீழ் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். கூல்யாஷ் அக்கா அவசரத்தில், குவானிஷ் ஓடி வந்து கொடுத்த தலையை அறுபட்ட பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். அதனால் தலையின் மூக்கு சம்பந்தியை விட்டுவிட்டு அலமாரியைப் பார்த்தது.

“அலமாரிதான் இங்க மரியாதைப்பட்ட விருந்தாளியா?” என்று அமன்தாய் தட்டைத் திருப்பினார். திருப்பியதும் மீசை துடித்தது. “இதோட காது எங்கே? யாரு சாப்பிட்டு வச்ச மிச்சம் இது?”

கூல்யாஷ் அக்காவின் பெண் சமையலறையில் விசும்பத் தொடங்கினாள். அக்கா குவானிஷைப் பார்த்த பார்வையில் குழாய் தானாகவே வெடித்திருக்கும்.

“சம்பந்தி!” என்றான் குவானிஷ். வேறு வழி தெரியவில்லை. “இது சும்மா முன்னோட்டம். உங்களுக்கு மேல முழுத் தலை காத்துக்கிட்டு இருக்கு. வேட்பாளரே கையால தரப்போறாரு!”

அமன்தாய் மேலே வந்தார். பின்னால் அவர் மனைவி, கூல்யாஷ் அக்கா, அழுத கண்ணோடு பெண். சன்ஜாருக்குத் தலையைத் தள்ளிவிட இன்னொரு ஆள் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. எழுந்து நின்று தட்டை நீட்டினார்.

“வாங்க ஐயா! தலை தொழிலாளிக்கே!”

அமன்தாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “நான் கீழ் வீட்டு விருந்தாளி. மேல் வீட்டுத் தலையைத் தொட்டா என் சம்பந்தியம்மாவை நானே அவமானப்படுத்தின மாதிரி. கீழ் வீட்டுத் தலைக்குக் காது இல்லை. எனக்கு இந்தக் கட்டடத்துல மரியாதையே இல்லைன்னு புரிஞ்சுபோச்சு. கிளம்புடி.”

பெண் ஓவென்று அழுதாள். குவானிஷ் சுவரில் சாய்ந்துவிட்டான். தொலைந்தது. குழாயும் போச்சு, கல்யாணமும் போச்சு. இனி இந்தக் கட்டடத்தில் அவனால் எப்படி நடமாட முடியும்?

சன்ஜார் சம்பந்தியின் முன்னால் போய் நின்றார்.

“ஐயா, காதை அறுத்தது யாரு? இந்தப் பெரியவரா? இல்லை! ஒரு கட்டடத்துக்கு ஒரே ஒரு ஆடுதான் வாங்க முடியும்கற நிலைமையில வச்சிருக்கானே, அவன் அறுத்தான்! இந்தப் பொண்ணைப் பாருங்க. குளிர்ல படிச்சு, குளிர்ல தூங்கி வளர்ந்தவ. இவ எதுக்கு அழணும்?” அவர் குரல் தழுதழுத்தது. கை நெஞ்சுக்குப் போயிற்று. “சுரங்கத்துல செத்துப்போன எங்கப்பா புதைஞ்ச மண்ணு மேல சத்தியமாச் சொல்றேன். முதல் பனி விழறதுக்குள்ள இந்தக் கட்டடத்துக்குப் புதுக் குழாய் வரும்! இந்தப் பொண்ணு கல்யாணம் சூடான வீட்ல நடக்கும்! அன்னைக்கு ரெண்டு காதோட தலையை நானே உங்க முன்னால கொண்டு வந்து வைப்பேன்!”

அப்பா மண் மேல் சத்தியம்! அதற்கு மேல் ஒரு கஸாக் நாட்டுக்காரன் எதைச் சொல்வான்?

அமன்தாயின் மீசை நடுங்கியது. “எங்கப்பாவும் சுரங்கத்துலதாம்பா போனாரு,” என்றார். சன்ஜாரை இழுத்துக் கட்டிக்கொண்டார். ஒராஸலி இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான். ரிஸ்பெக் பெரியவர் கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்தார். கூல்யாஷ் அக்காவும் சம்பந்தியம்மாவும் ஒருவர் தோளில் ஒருவர் அழுதார்கள். கல்யாணத் தேதியே குறித்துவிட்டார்கள். முதல் பனிக்கு மறுவாரம்.

“ஓட்டு?” என்று கைப்பேசிப் பெண் கேட்டாள்.

“இது ஒரு கேள்வியா?” என்று கூடமே கத்தியது.

சன்ஜார் எல்லோர் கையையும் இரண்டு கையாலும் பற்றிக் குலுக்கிவிட்டுக் கிளம்பினார். கட்டடமே வாசல் வரை போய் வழியனுப்பியது. ஒராஸலி குவானிஷை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். குவானிஷுக்கு இறங்கிய பிறகும் கால் தரையில் படவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் ரவ்ஷானைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினான். “பாத்தியா? குழாய் வந்த மாதிரிதான். மத்தவன் சும்மா வாயால சொல்லிட்டுப் போவான். இவரு செத்துப்போன அப்பா மேல சத்தியம் பண்ணியிருக்காரு!”

“பண்ணினாரு, பண்ணினாரு. எனக்கே கண்ணு கலங்கிருச்சு,” என்று ரவ்ஷான் ஒப்புக்கொண்டாள். கம்பளிப் பூட்ஸை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் தூக்கிப் போட்டாள். “இனிமே இது எதுக்கு?”

கதவு தட்டப்பட்டது. சன்ஜாரின் கார் ஓட்டுநர் மூச்சு வாங்க நின்றார்.

“அந்த முழுத் தலையை ஒரு பையில கட்டிக் கொடுங்கண்ணே,” என்றார். “அப்பா உசிரோட இருக்கறப்ப எங்க சன்ஜார் அண்ணன் எப்படித் தொடுவாரு? அவங்கப்பா காலையிலேயே பல்செட்டை மாட்டிக்கிட்டு வீட்ல காத்துக்கிட்டு இருக்காரு.”