ஹெட்மாஸ்டர் கணக்கை நான் ஊருக்குச் சொன்ன லட்சணம்

ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். எங்க ஊர் ஹெட்மாஸ்டர் போட்ட கணக்கை மூணு தெருவிலும் சொல்லிட்டு வரணும்.

எங்க ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோட முடியுது. வருசா வருசம் எத்தனை பிள்ளைங்க பிறக்குது, அதில் எத்தனை வளர்ந்து ஒன்பதாவதுக்கு வரும்னு ஹெட்மாஸ்டர் வூடு வூடா எழுதி, அஞ்சு வருசத்துக்கு முன்கூட்டியே கிராஃப் தாளில் கோடு போட்டு வெச்சிட்டார். கோடு மேல மேல போகுது. அதைப் பார்க்க சனிக்கிழமை கல்வி ஆபீசர் வர்றார். அவர் நம்பினா எங்க ஊருக்கு ஹைஸ்கூல். ஆனா கோட்டை மட்டும் நம்புற ஆள் இல்லையாம். பிள்ளைங்களையும் கண்ணால பார்க்கணுமாம்.

"அவங்கவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுடா. சனிக்கிழமை பத்து மணிக்குப் பிள்ளைங்களோட வரச் சொல்லு"ன்னார் ஹெட்மாஸ்டர்.

இதில் மாட்டிக்கிட்டிருந்தது என் தங்கச்சி ரோசியோட தலை. எட்டாவது முடிக்கப்போறா. நான் ஒன்பதாவது படிக்கப் போயிட்டு வர்ற பென்னாகரம் பஸ்ஸில் பொம்பளப் பிள்ளையை ஏத்த மாட்டேன்னு அப்பா சொல்லிட்டார். உள்ளூரில் ஒன்பதாவது வந்தா பள்ளிக்கூடம், வராட்டி ஆடு. ஆடு ஏற்கெனவே வாங்கியாச்சு.

"அண்ணா, இதுல மட்டும் உன் வெளையாட்டு வேணாம்"னா.

நான் எதுக்கு வெளையாடறேன்? ஒவ்வொரு தெருவுக்கும் பழகின குரல்ல சொன்னா வேலை முடிஞ்சது. குரலுக்கா எங்கிட்டப் பஞ்சம்?

முதல்ல எங்க மாதா கோயில். பூசை முடிஞ்சு வெளியே வந்தவங்ககிட்ட, சாமியாரோட பிரசங்க ராகத்திலேயே இழுத்தேன். பிள்ளைகள் பெருகுவார்கள், அவர்களுக்கென்று ஒரு ஹைஸ்கூல் எழும்பும்னு. எல்லாரும் பக்தியா ஆமென் சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க. என்னைக்கு, எத்தனை மணிக்குன்னு ஒருத்தர் கேட்கல. பிரசங்கத்தை யார் குறுக்குக் கேள்வி கேட்டிருக்காங்க?

அடுத்து கன்னடம் பேசுற தெரு. எனக்குத் தெரிஞ்ச கன்னடமெல்லாம் பெங்களூர் பஸ் கண்டக்டர் போட்ட பிச்சை. அதனால அவர் குரல். பிள்ளைங்க ஜாஸ்தி ஆவுது, இருக்கிற ரூம்ல 'ஜாகா இல்லா', இடமே இல்லைன்னு சொல்லி, பழக்கதோசத்தில் ஒரு விசிலும் அடிச்சேன். அவங்க முகம் சுருங்கிப்போச்சு. நம்ம பிள்ளைங்களுக்கு இடமில்லைன்னு ஆள் விட்டுச் சொல்றாங்களேன்னு உள்ளே போயிட்டாங்க.

கடைசியா நிலபுலம் உள்ள மேலத்தெரு. கொஞ்சம் கெத்தா இருக்கட்டும்னு, மாசம் ரெண்டு தரம் வர்ற கவர்மெண்ட் ஜீப்போட மைக் குரலை எடுத்தேன். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, "அன்பார்ந்த பொதுமக்களே, நமது ஊரின் மக்கள்தொகை"ன்னு ஆரம்பிச்சேன்.

அந்த ஜீப் எதுக்கு வருதுன்னு எனக்கு நினைப்பு வரல. அவங்களுக்கு வந்துடுச்சு. குடும்பக் கட்டுப்பாடு. அதிகாரி வருகிறார், பிள்ளைகளை எண்ணுவார்னு நான் முடிக்கிறதுக்குள்ள பாதிக் கதவு சாத்தியாச்சு.

சனிக்கிழமை ஆபீசர் வந்தார். கோடு சுவரில் ஜம்முனு தொங்குது. மைதானத்தில் பிள்ளைங்க எத்தனைன்னா, ரோசி. அப்புறம் ஆடு.

மேலத்தெருவிலிருந்து ஒரே ஒரு பெரியவர் வந்தார். ஆபீசர் அவர்கிட்ட, பிள்ளைங்கள்லாம் எங்கேன்னு கேட்டார்.

"எங்க தெருவுல யாருக்குமே ரெண்டுக்கு மேல இல்லீங்க. எனக்கு ஒண்ணுகூட இல்லீங்க."

அவருக்கு ஏழு. பின்னாடி கரும்புக்காட்டில் ஏழும் நெளியறது இங்கிருந்தே தெரியுது.

ஆபீசர் பேனாவை மூடினார். "கோடு மேல போகுது, ஊரு கீழ போகுதே சார்."

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். ரோசி பார்க்கல. ஆட்டுக் கயித்தைக் கையில் சுத்திக்கிட்டு வூட்டுப் பக்கம் திரும்பிட்டா. அதுதான் சுருக்குனு இருந்துச்சு.

கரும்புக்காட்டுக்கு ஓடினேன். ஆபரேசன் இல்லை, ஹைஸ்கூல்தான், வெளியே வாங்கன்னு என் சொந்தக் குரல்ல கெஞ்சினேன். ஒரு தோகை அசையல. சொந்தக் குரல்ல நான் சொன்னது எதுவும் இதுவரைக்கும் உண்மையா இருந்ததில்லை. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை.

பாக்கி இருந்தது ஒரே குரல். பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மா குரல்.

"உப்புமா ஆறிப்போவுது! வர்றவன் வா, வராதவனுக்குக் காந்தல்கூடக் கெடையாது!"

கரும்புக்காடு கிழிஞ்சுது. கோயில் தெரு, கன்னடத் தெரு, மேலத்தெரு எல்லாம் வழியில் வூட்டுக்குள்ள பூந்து தட்டைத் தூக்கிக்கிட்டு ஒண்ணா வந்துச்சு. கைக்குழந்தையை இடுப்பில் வெச்ச அக்காக்கள்கூட. லீவு நாள்ல ஏது உப்புமான்னு ஒருத்தருக்கும் தோணல. ஆபீசர் எண்ணிப் பார்த்து, பாதியில் விட்டு, அஞ்சு வருசத்துக் கணக்கு இன்னைக்கே வந்துடுச்சேன்னு கையெழுத்துப் போட்டார். உப்புமா எங்கடான்னு அந்தக் கூட்டம் என்னை ஏரிக்கரை வரைக்கும் துரத்துச்சு.

ஜூன் மாசம் ஒன்பதாவது திறந்தாச்சு. ரோசி முதல் வரிசை. பென்னாகரத்தில் ஒன்பதாவது ஃபெயிலான என்னை, இனி பஸ் எதுக்குன்னு அப்பா இழுத்துட்டு வந்து அதே வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார வெச்சிட்டார்.

ஊர்ப் பிள்ளைங்க அத்தனை பேரையும் சரியாக் கணிச்ச ஹெட்மாஸ்டர், என் ஒருத்தனை மட்டும் எதிர்பார்க்கல.